காராபுரிக் குகைகளும் நான்காம் சீலமும்

பிறர் தொழும் தெய்வ உருவங்கள் நிறைந்த குகைக்குள் பௌத்தன் ஒருவன் செல்லலாமா? சென்றால், கண்டதைப் பற்றி வெளியே வந்து அவன் என்ன சொல்லக் கடமைப்பட்டவன்? மரைன் ஹில்லில் வாழும் நம் உபாசகர் சிலர் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்ய அமர்ந்தபோது இவ்விரு கேள்விகளும் எழுந்தன. டிசம்பர் 6ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கரின் நினைவு நாளில் மும்பைத் தாதரிலுள்ள சைத்திய பூமியில் மலர் தூவுவது, பின்னர் ஒருநாள் கடல் கடந்து காராபுரித் தீவைக் கண்டு மாலைக்குள் திரும்புவது என்பதே ஏற்பாடு. காராபுரியைப் பலரும் எலிபெண்டா என்ற போர்ச்சுகீசியர் இட்ட பெயரால் அறிவர்.

நம் அந்தமானில் குகை என்றால் பாராட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளே நினைவுக்கு வரும். அவை நீர் அரித்து ஆனவை. யாருடைய குகை என்று அங்கே எவரும் வழக்காடுவதில்லை. காராபுரியோ மனிதன் உளியால் குடைந்தது. அதனால் வழக்கும் உடன் வந்துவிட்டது.

முதியோர் சிலர், "1956 அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளில் முதலாவதே பிரமன், விட்டுணு, மகேசன் ஆகியோரைத் தெய்வமாகக் கொள்ளேன், வணங்கேன் என்பதாயிற்றே. மகேசனுக்காகவே குடைந்த கோயிலில் நமக்கு என்ன வேலை?" என்றனர். இளைஞர்களோ நேர் எதிராக, "அது ஆதியில் நம்முடைய விகாரைதான். பின்னால் பறித்துக்கொண்டார்கள். நம் வீட்டுக்குப் போக நாம் ஏன் தயங்க வேண்டும்?" என்றனர்.

முதியோரின் தயக்கம் மதிக்கத்தக்கது. தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள், தாமே மனமுவந்து விட்டு வந்த வாசலில் மறுபடியும் போய் நிற்கக் கூசுவது இயல்பே. எனினும் உறுதிமொழி வணக்கத்தைத்தான் விலக்குகிறது, அறிவை விலக்கவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் மாதவன் வடிவம் கொண்டு, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர் முதலிய சமயக் கணக்கர் ஒவ்வொருவரின் கொள்கையையும் அவரவர் வாயால் கேட்டறிந்த பின்னரே அறவண அடிகளிடம் தருமம் கேட்டாள். கேட்டதனால் அவளுக்குக் குறை நேரவில்லை. பிறர் சமயத்தைக் கண்ணால் கண்டு அறிவது நற்காட்சிக்கு ஊறு செய்யாது.

இளைஞர்களின் கூற்றே நமக்கு அதிகக் கவலை அளிக்கிறது. அது நம் செவிக்கு இனிக்கிறது என்பதே அதன் ஆபத்து.

காராபுரியின் பெருங்குகையில் வடக்கு வாயிலருகே ஒரு சிற்பம் உண்டு. தாமரை மேல் அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்த உருவம். கைகள் உடைந்து போயின. தாமரைத் தண்டை நாகர்கள் தாங்குகின்றனர். முன்னறிவு எதுவுமின்றி அதன் முன் நிற்கும் பௌத்தன் எவனுக்கும் கை குவியவே தோன்றும். ஆயினும் தலையில் சடைமுடி இருக்கிறது. சுற்றிலும் வானில் தேவர் கூட்டம் வருகிறது. எதிர்ப்புறச் சுவரில் சிவன் ஆடுகிறான். உள்ளே தென்சுவரில் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் சதாசிவனின் மூன்று முகங்கள். அறிஞர்கள் அத்தியான உருவத்தை யோகீசுவரன் என்றே கொள்கின்றனர். இக்குகை பெரும்பாலும் கி.பி. 6ஆம் நூற்றாண்டினது என்பதும், தொடக்கம் முதலே சிவனுக்காகத் திட்டமிட்டுக் குடையப்பட்டது என்பதும் அவர்கள் கருத்து. அப்படியானால் அவ்வுருவம் நமக்குச் சொல்வது யாது? அதைச் செதுக்கிய சிற்பிகள் புத்தர் உருவத்தை அறிந்திருந்தனர் என்பதே. அமைதிக்கு ஒரு வடிவம் வேண்டியபோது, பௌத்தர் கண்ட வடிவம் அவர்கள் கைக்கு வந்தது. நமக்கு இதுவே போதிய பெருமை. இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் அது பொய்யாகும்.

"பிறர் நம்மைப் பற்றிச் சொன்ன பொய்கள் எத்தனை! நாம் ஒன்று சொன்னால் என்ன?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குச் சேலத்து வழக்கை நினைவூட்டுவோம். அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று பலகாலம் வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று பௌத்த அமைப்பொன்று நீதிமன்றம் சென்றது. தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்தனர். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது மடல் ஆகியவற்றைக் குறித்து, அது புத்தர் சிலையே என்று அறிக்கை தந்தனர். 2022 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, அங்கு பூசை நடத்துவதற்குத் தடை விதித்தது. அந்த வழக்கில் நின்று பேசியது நம் ஆத்திரமா? இல்லை, கல்லின் அடையாளங்களே. தாமரையில் அமர்ந்த உருவமெல்லாம் புத்தரே என்று காராபுரியில் நாம் கூவினால், நாளை இன்னொரு சேலத்தில் நம் சொல்லை யார் மதிப்பார்? மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' ஊர் ஊராகச் சான்று தேடி எழுதப்பட்ட நூல். இழந்ததை மீட்க விரும்புவோர்க்கு அவ்வழியே வழி.

நான்காம் சீலமாகிய பொய்யாமை, பகைவரிடம் பேசும்போது மட்டும் தளர்ந்து கொடுக்கும் சீலம் அன்று. தருமத்துக்காகச் சொன்ன பொய்யும் பொய்யே. சொல்லப்போனால் அதுவே கொடியது. தன் நலனுக்காகப் பொய் சொன்னவன் என்றேனும் வெட்கப்படுவான், தருமத்துக்காகச் சொன்னவன் அதையே புண்ணியமென எண்ணி மேலும் சொல்வான்.

இச்சோதனைக்காக மும்பை வரை போக வேண்டியதும் இல்லை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஸ்ரீவிஜயம் என்றதும் நம் உள்ளம் துள்ளியது. சோழன் முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பியவர் ஸ்ரீவிஜயத்துப் பௌத்த மன்னரல்லவா! ஆனால் பெயர் மாற்றத்தை அறிவித்தபோது அரசு சொன்ன காரணம் விடுதலைப் போரின் வெற்றி. 'நம் நகருக்குப் பௌத்தப் பேரரசின் பெயரை வைத்தார்கள்' என்று நாம் துண்டறிக்கை அச்சிட்டால் அது அழகாயிருக்கும், உண்மையாயிராது. சூடாமணி விகாரையை நினைக்க அப்பெயர் நமக்கு ஒரு வாய்ப்பு. அவ்வளவே.

இனி, காராபுரியில் நம்முடையது ஒன்றும் இல்லையோ என்றால், உண்டு. தீவில் இரண்டு குன்றுகள். மேற்குக் குன்றில் பெருங்குகையும் அதைச் சார்ந்த குகைகளும். கிழக்குக் குன்றின் பெயரே தூபக் குன்று. அங்கே செங்கல்லாலான தூபத்தின் மேடு எஞ்சியுள்ளது. அருகே பழைய நீர்த்தொட்டிகள். இத்தீவில் மக்கள் வாழ்ந்ததற்கான தடயங்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரை செல்கின்றன. பெருங்குகையின் முதல் உளி விழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு அது. சிற்பமும் ஓவியமும் இல்லாத அம்மேட்டுக்குப் பயணிகளில் நூற்றில் ஒருவரேனும் போவாரா என்பது ஐயமே. அயலார் குகையை நம்முடையது என்று உரக்கச் சொல்லிவிட்டு, நம்முடைய மேட்டைப் பாராமலே படகேறித் திரும்புவோமானால், அந்தப் பற்றுக்கு என்ன பெயர் இடுவது?

ஆகவே ஏற்பாட்டை இவ்வாறு மாற்றிக்கொள்ளச் சொன்னோம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். வேறு நாளில் காலை முதற்படகிலேயே கேட்வே ஆஃப் இந்தியா துறையிலிருந்து புறப்பட வேண்டும். தொலைவு சுமார் 10 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். ஏறத்தாழ 120 படிகள். இயலாத முதியோர் டோலியில் ஏறலாம், ஆனால் தூக்குவோரிடம் கூலிக்குப் பேரம் பேசலாகாது. வெயில் ஏறுமுன் தூபக் குன்றுக்குச் சென்று, அங்கே திரிசரணம் ஓதிச் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம். பிறகு பெருங்குகையை ஆற அமரக் காணலாம். மூர்த்திகளின் உடைந்த கைகால்களைக் கண்டு மகிழ்வார் எவரேனும் நம் குழுவில் இருந்தால் அவர் படகிலேயே தங்கிவிடட்டும். 1534இல் தீவு போர்ச்சுகீசியர் வசமான பின் அச்சிதைவு பெரிதும் நிகழ்ந்தது. அங்கிருந்த கல்வெட்டொன்றையும் பெயர்த்துத் தம் நாட்டுக்கு அனுப்பினர். அது தொலைந்தே போயிற்று. இக்கோயிலைக் குடைவித்தவர் யார் என்று இன்று அறிஞர் வாதிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அடையாளத்தைப் பெயர்த்து எடுப்பது எத்தகைய கேடு என்பது நமக்குத் தெரியாததன்று.

இன்னொரு நாள் கையிலிருந்தால் அதைக் கன்னேரிக்குக் கொடுங்கள் என்றும் சொன்னோம். மும்பைக்கு வடக்கே, போரிவலி வனத்துள், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் பிக்குகள் வாழ்ந்த இடம். அங்கே நாம் வாதிட வேண்டியதில்லை, கல்வெட்டுகளே பேசுகின்றன. அவற்றில் பல எளிய மக்களின் கொடைகள். கல்யாணிலிருந்து வந்த பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி வெட்டுவித்தார். அவ்வூரிலிருந்தே கருமார் ஒருவர் பாதை அமைத்தார். பிறப்பைக் கேட்டு அவர்களை வாசலில் நிறுத்தியவர் அங்கே எவருமில்லை. அக்குகைகளின் வாயில்தோறும் பாறையில் குடைந்த தொட்டிகளில் இன்றும் மழைநீர் நிற்கிறது.