நீடித்துழைத்தலும் அறமும்

பழைய இயந்திரங்கள் நீடித்துழைப்பன, புதியவை அவ்வாறல்ல என்னும் கருத்து யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகவே வழங்கி வருகின்றது. சான்று கேட்பின் ஒஸ்ரின் ஏ-40 கார் காட்டப்படும். அதன் சோமசெற் வகை 1952 தொடக்கம் 1954 வரையே பிரித்தானியாவில் உற்பத்தியாயிற்று. எனினும் 2002இல் ஏ-9 வீதி மீளத் திறக்கப்பட்டபோதும் குடாநாட்டில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. இந்நீடிப்பு இரும்பின் குணமா, உடையவனின் குணமா, அன்றி வேறு வழியின்மையின் விளைவா?

இரும்பின் தடிப்பே காரணம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உக்கி அழிந்த வண்டிகள் சாட்சி சொல்ல வருவதில்லை. எஞ்சியவற்றையே நாம் காண்கின்றோம்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் அனுபவம் வேறொரு விடையைத் தருகின்றது. பெற்றோல் அருகியபோது இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரம் இத்தாழ்ந்த எரிபொருளை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. காபரேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கி மீளப் பூட்டுவது ஊர்க் கராஜில் இயலும் காரியம். இலத்திரனியற் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சும் இன்றைய இயந்திரத்திடம் இவ்விணக்கத்தை எதிர்பார்க்க முடியாது. அது தரங்குறைந்ததன்று; தன் ஒழுங்கினுள் மிகத் திறமையானதே. ஆயின் பழுதுற்றால் குறையை அறிவதற்கே தனிக்கருவி வேண்டும்.

ஆகவே நீடித்துழைத்தல் பொருளினுள் உறையும் பண்பு மட்டுமன்று. பொருளுக்கும் அதனைத் திறந்து பார்க்கும் கைக்கும் இடையிலான உறவு. பலகைகள் யாவும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் தெசியசின் கப்பல் அதே கப்பலா என்று கிரேக்கர் வினவினர். கடைசற் பட்டறையிற் செய்த உறுப்புகளாலும் பிற வண்டிகளிற் கழற்றியவற்றாலும் ஓடிய ஒஸ்ரினை நோக்கியும் இவ்வாறு வினவலாம். நீடித்தது வண்டியா, மெக்கானிக்கின் அறிவா? பின்னதே என்பது என் துணிபு.

அவ்வாறாயின் உற்பத்தியாளனுக்கு ஒரு கடப்பாடு உண்டு. பொருளை விற்றபின் அதனைச் செப்பனிடும் ஆற்றலைத் தன்னிடமே பூட்டி வைப்பவன், விற்றதில் ஒரு பகுதியை மீளப் பறித்துக்கொள்கின்றான். இங்கிலாந்தில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயார், காரை நீண்டகால உடைமையாகக் கொள்வது பற்றி 1982இல் நூலே எழுதினார். அவரது முயற்சியோடு இலங்கையிலும் அவ்வண்டிக்கான உறுப்புகள் செய்யப்பட்டன.

எனினும் தடைக்கால யாழ்ப்பாணத்தாரின் சிக்கனத்தைப் போற்றும் எழுத்துகளைப் படிக்கையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அறம் தெரிவை வேண்டி நிற்பது. எரிபொருளும் பசளையும் மின்கலமும் மறுக்கப்பட்ட மக்கள் சமாளித்தனரே என்று வியக்கும்போது, மறுத்தவரின் பொறுப்பு அவ்வியப்பினுள் மறைந்துவிடுகின்றது. மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்தவர் சாரதியும் பயணியுமே (தெருவோரத்தில் நின்றவரையும் சேர்த்துக்கொள்க). வீதி திறந்ததும் புதிய மோட்டார்ச் சைக்கிள் வாங்கியவரை நுகர்வு மோகத்துக்குப் பலியானவர் என்று பழிப்பது எளிது, நியாயமன்று. பழிக்கத்தக்கது அவர் வாங்கிய பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீள அனுமதிக்கப்பட்டது. தெரிவு மீண்டுள்ளது. வாங்கச் செல்பவர் விலையையும் எரிபொருட் செலவையும் கேட்கின்றார். பத்தாண்டின் பின் இதனைத் தம் ஊரில் யார் திறப்பார் என்று கேட்பவர் சிலரே.