கதவைத் தட்டிக் கேட்டவர்களுக்கு என்ன பதில்?

இங்கிலாந்தின் கிழக்கே, வட கடலை நோக்கிப் புடைத்து நிற்கும் மாவட்டம் நார்ஃபோக். அதன் தென்மேற்கில், நான்கு புறமும் அகழி சூழ, சிவப்புச் செங்கல்லில் எழுந்து நிற்கிறது ஆக்ஸ்பரோ மாளிகை. 1482ல் மன்னர் நான்காம் எட்வர்டின் அனுமதியோடு சர் எட்மண்ட் பெடிங்ஃபீல்டு எழுப்பிய வீடு அது. அதன் வாயில் கோபுரத்தில், பழைய கழிப்பறையின் தரையில் ஒரு மூடி இருக்கிறது. மூடியின் மேலும் தரையில் பதித்த அதே செங்கல்தான். சாத்திவிட்டால் தரைக்கும் மூடிக்கும் வேறுபாடு தெரியாது. அடியில், ஓர் ஆள் முடங்கிக் கிடக்கும் அளவுக்கு ஒரு பொந்து.

அந்தப் பொந்து குருவானவர்களுக்கானது. பெடிங்ஃபீல்டு குடும்பத்தார் கத்தோலிக்கர்கள். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் 1559ல் வந்த சட்டம் திருப்பலியைத் தடை செய்தது. 1581ல், அரசின் திருச்சபை வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 1585ல் இன்னொரு சட்டம்: வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் நாட்டுக்குள் இருந்தாலே ராஜதுரோகம், அவருக்கு அடைக்கலம் தருபவருக்கும் மரண தண்டனை.

அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். “உள்ளே குரு இருக்கிறாரா?” என்கிறார்கள். தரைக்கு அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் கிடக்கிறார். பொய் சொல்வது பாவம் என்று நம்புகிற வீட்டுக்காரர் என்ன சொல்வார்?

இது ஏட்டில் எழுதிப் பார்த்த புதிர் அல்ல. 1588ன் இறுதியில் ஜான் ஜெரார்டு என்ற இயேசு சபைக் குரு, நார்ஃபோக் கரையில் இரவில் படகிலிருந்து இறங்கினார். ஸ்பெயினின் போர்க்கப்பல்கள் தோற்றுப்போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. கரை எங்கும் அந்நியர் மீது சந்தேகம். கனவானைப் போல உடுத்தியிருந்த ஜெரார்டு வயல் வழியே நடந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், தொலைந்துபோன தன் வேட்டை வல்லூறைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அப்படி ஒரு வல்லூறு இல்லவே இல்லை. பின்னாளில் தன்வரலாற்றில் அவரே இதை எழுதினார்.

கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. நார்விச் நகருக்கு அருகில் பிறந்தவர் ராபர்ட் சவுத்வெல், கவிஞர், இயேசு சபைக் குரு. 1595ல் அவர் மீது நடந்த விசாரணையில், குருவைப் பார்க்கவில்லை என்று ஆணையிட்டுச் சொல்லலாமென அவர் கற்பித்ததாக ஒரு பெண் சாட்சி சொன்னார். சவுத்வெல் திருப்பிக் கேட்டார்: பிரெஞ்சு மன்னன் படையெடுத்து வருகிறான், நம் அரசி ஒரு வீட்டில் ஒளிந்திருக்கிறார், இடம் தெரிந்தவரைப் பிடித்து ஆணையிடச் சொல்கிறார்கள், அவர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? ஆணையிட மறுத்துவிடலாமே என்று பதில் வந்தது. மறுப்பதே காட்டிக்கொடுப்பதாகும் என்றார் அவர். அந்த ஆண்டே லண்டனில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

எந்தப் பொய்யும் பாவமே என்று அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தீர்த்துச் சொன்னவர் புனித அகஸ்டின். 1797ல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டும் அதே பக்கம் நின்றார்: நண்பனைக் கொல்லத் தேடி வருபவன் கேட்டாலும் பொய் கூடாது, உண்மை என்பது எல்லோருக்கும் பட்ட கடன்.

கான்ட்டின் வாதத்தில் பெருமை உண்டு. ஆனால் அது பாதி அறையையே பார்க்கிறது. சொல்பவனின் நாக்கை அளந்து பார்க்கும் அவர், கேட்பவனின் கையில் இருக்கும் கயிற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையைக் கேட்க ஒரு தகுதி வேண்டும். கேட்டதைக் கொண்டு கொல்லப்போகிறவனுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆக்ஸ்பரோவின் வாசலில் நடந்த முதல் குற்றம் அந்தக் கேள்விதான். பதில் இரண்டாவதாக வருவது.

இதைக் கத்தோலிக்கர் பக்கத்து வழக்காக மட்டும் பார்த்தால் பிழை. எட்மண்டின் பேரன் சர் ஹென்றி பெடிங்ஃபீல்டு, கத்தோலிக்க அரசியான மேரியின் விசுவாசி. 1554ல், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத்தை வுட்ஸ்டாக்கில் காவல் வைத்தவர் அவர்தான். மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ 280 சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் எரிக்கப்பட்டார்கள். நார்விச்சில் அதற்கென்றே ஓர் இடம் இருந்தது. இன்றும் அதற்கு லோலார்டு குழி என்று பெயர். அன்று அந்த மக்களிடம் கேட்கப்பட்டதும் இதே மாதிரிக் கேள்விதான், வேறு வாயிலிருந்து. சில ஆண்டுகளில் ஆட்சி மாறியது. புதிய திருச்சபை ஒழுங்குக்குக் கையெழுத்திட மறுத்த சர் ஹென்றி, சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலுக்கு வந்தார்.

2020ல் ஆக்ஸ்பரோ மாளிகையின் கூரையைப் பழுது பார்த்தபோது, மாடித் தரைப்பலகைகளுக்கு அடியில் எலிகள் கூடு கட்டியிருந்த பழைய துணித் துணுக்குகளும் கையெழுத்துத் தாள்களும் கிடைத்தன. 15ஆம் நூற்றாண்டின் வண்ணம் தீட்டிய தோல் ஏடு ஒன்று, லத்தீன் திருப்பாடலோடு, பொன்னும் நீலமும் மங்காமல் வெளிவந்தது. 1568ல் அச்சான ஜெபப் புத்தகம் ஒன்று, ஏறக்குறைய முழுதாகவே இருந்தது.

பிரிட்டனில் கத்தோலிக்கர் மீதான தடைகளில் பெரும்பாலானவை 1829ல் நீங்கின. அடுத்த பத்தாண்டில் பெடிங்ஃபீல்டு குடும்பம், அகழிக்கு வெளியே, வருகிறவர் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சிற்றாலயம் கட்டியது. அது இன்றும் அங்கே நிற்கிறது.