மலைத்தோட்டமும் மலபரிபாகமும்

சேலத்தினை அடுத்துள்ள சேர்வராயன் மலையின்மேல், ஏறக்குறைய 5,000 அடி உயரத்தே ஏற்காடு என்னும் ஊர் உளது. ஆங்கு அன்பர் ஒருவரது மனைத்தோட்டத்தினை, இளவேனில் தொடங்கிக் கார்த்திகை காறும் கண்டு வைகும் பேறு எமக்கு வாய்த்தது. தோட்டம் சிறிது. காப்பிச்செடி சில, ஆரஞ்சு இரண்டு, பேரி ஒன்று, வேலியோரத்துச் சாமந்தி, இவ்வளவே. ஆயினும் அங்குக் கண்ட பருவமாற்றம், யாம் நெடுநாள் ஏட்டிற் படித்த ஒரு பொருளைக் கண்ணெதிரே கொணர்ந்து நிறுத்தியது.

மேனாட்டார்க்கு வேனிலை அடுத்து வருவது இலையுதிர் காலம். நம் முன்னோரோ ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் வகுத்தனர். இம்மலையில் அப்பருவங்களே பசுமைக்குரியன. வேனிலில் வெடித்துக் கிடந்த செம்மண் காரில் நெகிழும். பேரி தன் பயனைத் தந்து ஓயும். ஆரஞ்சின் காய் பருக்கும்.

காப்பிச்செடியின் வரலாறே எம்மை மிகவும் ஈர்த்தது. 1820ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில், சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையால் இம்மலைக்கு வந்த பயிர் இஃது என்பர். வேனில் மழை ஒன்று பெய்த பத்து நாளளவில், கிளைதோறும் வெண்பூ ஒருங்கே மலர்ந்து மல்லிகைபோல மணக்கும். இரண்டு மூன்று நாளில் வாடும். பூ வாடிய இடத்தே பிஞ்சு தோன்றும். அது பழுத்தற்கு எட்டு ஒன்பது திங்கள் வேண்டும்.

தோட்டம் காக்கும் முதியவரை ஒருநாள், "இதனைப் பழுப்பிப்பது யாது?" என வினவினேம். "காலம் வந்தால் தானே பழுக்கும், சாமி" என்றார். காலமே கடவுள் என்பாரது கொள்கையும் இதுவே. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்தில் இதனை எடுத்து மறுத்தனர். தொழில்கள் காலத்தின்கண் நிகழ்வன என்பது உண்மையே. எனினும் காலம் அறிவற்றது, ஆகலின் இறைவன் ஏவலால் நிற்கும் துணைக்காரணமே என்பது அவர் துணிபு. முதியவர் கூற்றிற் பாதி மெய் உண்டு. எஞ்சிய பாதியை நிரப்புதற்குச் சாத்திரம் வேண்டும்.

புரட்டாசியில் மூடுபனி இறங்கிற்று. காலையில் வாயிலைத் திறப்பின் தோட்டமே இல்லை. வெண்படாம் ஒன்றே உளது. விருந்தாக வந்த இளைஞர் ஒருவர், "பகலவனை மறைக்கும் இம்மூடுபனி பயிர்க்குப் பகையன்றோ?" என்றார். அன்று. அம்மறைப்பின் கீழேதான், மழையீரத்தைப் பருகிக் காய் சதைபற்றுகின்றது. திரோதான சத்தியின் இயல்பு எமக்கு அப்பொழுது தெளிவாயிற்று. மலம் சடமாதலின் தானே பரிபாகம் எய்தமாட்டாது. அதனைச் செலுத்திப் பழுப்பிப்பது இறைவனது மறைப்பாற்றலே. மலத்தொடு நின்று தொழிற்படுதலின் அதனை உபசாரத்தால் மலம் என்றும் கூறுப. பக்குவம் வந்துழி அதுவே அருட்சத்தியாய் விளங்கும்.

அற்றேல், எல்லா உயிர்க்கும் ஒருங்கே அருளாமை என்னை? கருணைக்கு ஓரம் உண்டோ? கார்த்திகையில் அம்முதியவர் கூடையொடு வந்தார். ஒரே கிளை; ஒரே மழையில் மலர்ந்த பூ; எனினும் ஒரு கணுவில் சிவந்த பழமும், மஞ்சள் ஏறியதும், பசுங்காயும் அடுத்தடுத்து இருந்தன. அவர் சிவந்தவற்றையே ஒவ்வொன்றாகக் கொய்தார். கிளையினை ஒருங்கே உருவினால் வேலை எளிதன்றோ எனக் கேட்டேம். "காய் கலந்தால் பழமும் கெடும், சாமி. பதினைந்து நாள் கழித்து வருவேன்" என்றார். காயின்மேற் பகையால் விட்டாரல்லர். சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படுதலும் இவ்வாறே. பறிப்பவர் தம் பயன் கருதிப் பறிக்கின்றார். இறைவற்கு அத்தகைய பயன் இல்லை. உவமை ஒருபுடை ஒப்பதே.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் எமக்கு இயலவில்லை. சமயதீக்கையை வேண்டினார்க்கெல்லாம் வழங்குதல் மரபே. யாம் கருதுவது நிருவாண தீக்கையை. ஆண்டு பல கழிந்தன. அன்பர் ஒருவர்க்கு அதனை விரைந்து செய்விக்குமாறு யாமே பெரியார் ஒருவரை வற்புறுத்தினேம். நூலறிவும் நாவன்மையும் கண்டு பக்குவம் என மயங்கினேம். மூன்றாண்டு கழியுமுன் அவர் சந்தி செய்தலையும் கைவிட்டார். மடத்து வாயிலையும் மிதித்திலர். அவரைப் பழித்தார் பலர். பிழை காயினுடையதோ, உருவிய கையினுடையதோ? தீக்கை பெற்றாரின் தொகையைப் பெருமையாக எண்ணும் நம்மனோர் இதனை நினைதல் நன்று.

பதினைந்து நாள் கழிந்து முதியவர் அக்கிளைக்கே மீண்டார். முன்னர் மஞ்சளாயிருந்தன சிவந்திருந்தன. பசுங்காய்களுட் சில மஞ்சள் ஏறின. பின்னும் பசுமை மாறாதன நான்கைந்து உள. அவற்றை விரலால் தடவிப் பார்த்து, தை பிறந்தபின் வருவேன் என்று கூடையை எடுத்துச் சென்றார்.