அழுதால் கிடைக்கும் என்று யார் கற்றுக் கொடுத்தது?

  

 

நம் திருக்காட்டுப்பள்ளியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியருகே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றுமதச் சகோதரிகளும் வருகிறார்கள். முன்பெல்லாம் காய்ச்சல், பயம், இரவில் வீறிட்டு அழுகிறது என்று கொண்டு வருவார்கள். இப்போது வேறு கதை. "ஹஜ்ரத், சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான். கடிக்கிறான். போனை வாங்கினா தலையைச் சுவத்துல முட்டிக்கிறான். ஓதி ஊதுங்க." பிள்ளைக்கு வயது 3!

ஓதுவது நபிவழிதான். நபி (ஸல்) அவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் ஓதி அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்று புகாரியில் வருகிறது. ஓதுவோம். ஆனால் ஊதி அனுப்பிய பிறகு, அந்தப் பிள்ளை திரும்பிப் போகும் வீட்டில் என்ன நடக்கிறது? இன்று அதைத்தான் பேச வேண்டும்.

கடைத்தெருவுக்குப் போகிறீர்கள். பிள்ளை சிப்ஸ் பாக்கெட் கேட்கிறது. "வேண்டாம்" என்கிறீர்கள். அழுகிறது. மறுபடி "வேண்டாம்". தரையில் விழுந்து புரளுகிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். "இந்தா, வாங்கித் தொலை." பிள்ளைக்குப் பாக்கெட் கிடைத்தது. உங்களுக்கு அமைதி கிடைத்தது. இருவருக்கும் கூலி கிடைத்துவிட்டது. அடுத்த முறை பிள்ளை அழுகையில் ஆரம்பிக்காது, நேராகப் புரளுவதிலிருந்து ஆரம்பிக்கும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், முரட்டுப் பிள்ளைகள் இருந்த வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் குறிக்கச் சொன்னார். அவர் கண்டது இந்தக் கடைத்தெருக் காட்சியைத்தான். தலைகீழாகவும் நடக்கிறது. அத்தா பத்து முறை சாதாரணமாகச் சொன்னபோது கேட்காத பிள்ளை, கத்தியதும் கேட்கிறது. கத்தினால்தான் வேலை நடக்கும் என்று அத்தா கற்றுக்கொள்கிறார். மெதுவாகச் சொன்னால் கேட்க வேண்டியதில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை.

இதை அவிழ்க்கத்தான் பெற்றோருக்கான பயிற்சிகள் வந்தன. சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர் ஸ்ட்ராட்டன், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் போன்றவர்கள் உருவாக்கியவை இன்று பல நாடுகளில் நடக்கின்றன. இவற்றில் ஒரு விசேஷம் கவனியுங்கள். பிள்ளையின் நடத்தையை மாற்றப் பாடம் நடத்துவது பிள்ளைக்கு அல்ல, தாய் தந்தைக்கு! அங்கே முதலில் சொல்லித்தருவது தண்டனையும் அல்ல. பிள்ளையோடு தினமும் கொஞ்ச நேரம், அதன் விளையாட்டில், அதன் இஷ்டப்படி உட்காருவது. நல்லதைச் செய்யும்போது பார்த்து, அதைச் சொல்லிப் பாராட்டுவது. நம் வீட்டில் பிள்ளை சும்மா விளையாடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டம்ளரை உடைத்தால் வீடே ஓடி வருகிறது. பிள்ளை எதைக் கற்கும்?

நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஹஸனும் ஹுஸைனும் சிவப்புச் சட்டை அணிந்து தடுக்கித் தடுக்கி நடந்து வருகிறார்கள். உரையை நிறுத்தி, இறங்கிப் போய், இருவரையும் தூக்கி வந்து முன்னால் வைத்துக்கொண்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி இது. (பின் ஸஃப்பில் பிள்ளை சிரித்தால் சலாம் கொடுத்த கையோடு அதட்டும் பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

கட்டளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் கையை ஓட்டுகிறார். பிஸ்மில்லாஹ் சொல்லச் சொன்னார்கள், வலக்கையால் உண்ணச் சொன்னார்கள், தமக்கு அருகில் உள்ளதை எடுக்கச் சொன்னார்கள். மூன்றே சொல். திட்டு இல்லை, பழைய கணக்கு இல்லை. அதன் பிறகு என் சாப்பாட்டு முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவரே அறிவிக்கிறார். நாமோ "ஏன்டா இப்படி உயிரை வாங்குறே" என்கிறோம். அதில் பிள்ளை செய்ய வேண்டியது என்ன இருக்கிறது?

பொய் மிரட்டலும் வேண்டாம். "போலீஸ் வரும்", "ஊசி போடச் சொல்லுவேன்", "ஹஜ்ரத்துகிட்ட சொல்லுவேன்". என்னைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள், நாளை அந்தப் பிள்ளை மக்தபுக்கு வர வேண்டும். ஒரு தாய் எதையோ தருவதாகச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டபோது, என்ன தரப்போகிறாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள்.

"அடிக்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். அது தொழுகை பற்றியது. 7 வயதில் ஏவச் சொல்லி, 3 வருடம் பொறுத்து, 10 வயதுக்குப் பிறகு வரும் பேச்சு. அதற்கும் உலமாக்கள் கடும் நிபந்தனைகள் சொன்னார்கள். சோறு சிந்திய 3 வயதுப் பிள்ளையின் முதுகில் அறைவதற்கு அதை எடுத்து வராதீர்கள். 10 வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) தம்மை ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை என்று சாட்சி சொல்கிறார். அடி வாங்கும் பிள்ளைக்கு முரட்டுத்தனம் கூடுகிறதே தவிர குறைவதில்லை என்பதை ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

அப்படியானால் விட்டுவிடுவதா? இல்லை. "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். நீங்கள் மசியாத முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். நாலாம் நாள் மசிந்தால், நாலு நாள் அழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். நன்னிமார்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். தாய் மறுத்ததைக் கொல்லைப்புறமாகக் கொடுத்தால் பிள்ளைக்கு வீட்டில் இரண்டு சட்டம். வரப்பில் நண்டு வளை விழுந்தால் அன்றே மண் வைத்து அடைக்கும் ஊர் நம் ஊர். பிள்ளை விஷயத்தில் மட்டும் "பெருசானா சரியாயிடும்" என்கிறோம்.

போன் பற்றி நீட்ட விரும்பவில்லை. 2 வயது நிறையும் வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது.

இன்னொரு முக்கியமான விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, கண் பார்க்காத பிள்ளை, இவை அடமோ கண்ணேறோ என்று முடிவு கட்டி மாதங்களைக் கழிக்காதீர்கள். காது கேட்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டியிருக்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கிறது. தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். செலவில்லை. "நம்ம பிள்ளையை அங்கன்வாடிக்கு எதுக்கு அனுப்பணும்" என்று கௌரவம் பார்ப்பவர்கள் இந்தப் பரிசோதனையையும் இழக்கிறார்கள். மருந்து தேடுவது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்து படிக்கும் அத்தாமார்களே! வீடியோ காலில் "சேட்டை பண்றியாமே" என்று விசாரணை நடத்தாதீர்கள். இன்று என்ன விளையாடினாய் என்று கேட்டு, 5 நிமிடம் வாய் திறக்காமல் கேளுங்கள். அந்தத் தாய் தனியாகப் பிள்ளையோடு மல்லுக்கு நின்று களைத்திருக்கிறாள், அவளிடமும் குற்றப்பத்திரிகை வாசிக்க வேண்டாம்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்கு ஆஃபியத்தையும், அவர்களை வளர்க்கும் கைகளுக்குப் பொறுமையையும், கோபம் வரும் நேரத்தில் எங்கள் நாவுகளுக்குக் கட்டுப்பாட்டையும் தந்தருள்வாயாக. ஆமீன்.