யார் தலையில் விடிகிறது?

வறுமைக்கு ஒரு விடிவு வராதா என்று ஏங்குகிறோம். யாரும் ஏற்காத வேலை கடைசியில் நம்மிடம் வந்து சேர்ந்தால், அது என் தலையில் வந்து விடிந்தது என்கிறோம். விடிதல் ஓரிடத்தில் விடுதலை, இன்னோரிடத்தில் சுமை. மேடையும் சுவரொட்டியும் முதல் பொருளை எடுத்துக்கொண்டு, இரண்டாவதை வீட்டுப் பேச்சுக்கு விட்டுவிட்டன. எனக்கோ அந்த இரண்டாவது பொருளே நேர்மையானதாகப் படுகிறது. வானத்தில் பொழுது விடிய எவரும் பாடுபட வேண்டியதில்லை. பூமி சுழல்கிறது, கதிரவன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போதே இருள் மெல்லக் கரையத் தொடங்குகிறது. நாம் உறங்கினாலும் அது நடக்கும். இந்த உறுதியை அப்படியே மனித வாழ்வுக்குக் கொண்டுவந்து, பொறுத்திரு, உனக்கும் விடியும் என்று ஒருவருக்குச் சொல்வதில்தான் பிழை இருக்கிறது.

நம் பழைய இலக்கணம் இப்படி ஏமாறவில்லை. தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத்துக்குரிய பொழுதுகளாக வைத்தது. வயலும் உழைப்பும் சார்ந்த அந்தத் திணைக்கு உரிப்பொருள் ஊடல். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனிடம் தலைவி கணக்குக் கேட்கும் நேரம் அது. இரவெல்லாம் காத்திருந்தவளுக்கு வெளிச்சம் ஆறுதலாக வரவில்லை, கேள்வியாக வந்தது. விடியலைப் பற்றி இதைவிடக் கூர்மையான பார்வை வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துன்பத்தில் கிடப்பவருக்கு நம்பிக்கைதானே ஊன்றுகோல், அதையும் பறிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பது முக்கியம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் போன முத்துலட்சுமி ரெட்டி அதை ஒழிக்க வாதாடினார். மரபு போகும், கலை அழியும் என்று படித்தவர்களே எதிர்த்தார்கள். தேவதாசி மரபுக்குள்ளேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். சட்டம் நிறைவேறியது 1947-இல்தான். இருபது ஆண்டுகள் அவர்களைத் தாங்கியதும் நம்பிக்கைதான். ஆனால் அது காலம் கனியும் என்ற நம்பிக்கையன்று, தாம் செய்துகொண்டிருந்த வேலையின்மேல் வைத்தது. அந்த வேலையைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லாதிருந்தால் 1947-உம் மற்றோர் ஆண்டாகவே கழிந்திருக்கும்.

சட்டம் வந்ததுமே விடிந்துவிட்டது என்று உறங்கப் போவதும் அதே பிழையின் இன்னொரு முகம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-இல் இன்னொன்று வந்தது. பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை அது குற்றமாக்கியது. அதற்குப் பின்னும் உள்ளே இறங்கியவர்கள் நச்சு வாயுவில் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றவேண்டியது உள்ளாட்சி நிர்வாகத்தின் பொறுப்பு. மாற்றிவிட்டீர்களா என்று அவர்களிடம் கேட்கவேண்டியது அந்தத் தெருவில் குடியிருக்கும் நம் பொறுப்பு.