மஞ்சள் தொண்டைச் சிட்டு

சிறுவர்களுக்காகப் பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்க்கையைச் சித்திரக்கதையாக வரைகிறேன். மூன்றாம் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. ஒரு சிறுவன் ஏர்கன்னால் சிட்டைச் சுடுகிறான். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல். இதைத் தின்பது மார்க்கத்தில் ஆகுமா என்று மாமா அமிருத்தீன் தியாப்ஜியிடம் கேட்கிறான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பையனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புகிறார். அங்கே கழகச் செயலர் மில்லர்ட் பாடம்செய்த பறவைகளை எடுத்துக் காட்டுகிறார். பையனின் வாழ்க்கை திசை திரும்புகிறது.

“துப்பாக்கியை விட்டுவிடலாமே, குழந்தைகள் படிப்பதல்லவா” என்றார்கள் பதிப்பகத்தில். எனக்கு மனம் வரவில்லை. எறும்பைக்கூட மிதிக்காதே என்று வளர்த்த வீடு எங்களுடையது. அந்தச் சாவு என்னை உறுத்துகிறது. ஆனால் 1985இல் வெளிவந்த தன் சுயசரிதையின் தலைப்பிலேயே அந்தச் சிட்டின் வீழ்ச்சியை வைத்தவர் அவர். அவர் மறைக்காததை நான் மறைக்கலாமா? பின்னாளில் ஆய்வுக்காகவும் பறவைகளைச் சுட்டவர்தான்.

பின்னால் செய்த நன்மை முன்னால் செய்த கொலையைக் கழுவுமா? கழுவாது என்றே நினைக்கிறேன். பறவைகள் கூடும் பரத்பூர் ஏரிக்காக அவர் வாதாடியதால் அந்தச் சிட்டு எழுந்து பறந்துவிடாது. இரண்டும் ஒரே உயிரின் கணக்கில் நிற்கின்றன.

நேற்றிரவு அந்தப் பக்கத்தை மறுபடி வரைந்தேன். பையனின் உள்ளங்கை, அதில் குருவி. மஞ்சளை மட்டும் கடைசியில் தொட்டு வைத்தேன்.