பழைய மனையும் பேணும் அறமும்

மனிதன் வீட்டைக் கட்டுகிறான். கட்டியவன் மறைந்த பின்னரும் வீடு நிற்கிறது. அவ்வாறு எஞ்சி நிற்கும் வீட்டின்பால் பின்வந்தோருக்குக் கடமை உண்டா? உண்டெனின், அக்கடமை கல்லுக்கா, கட்டியவனுக்கா, அன்றி இன்று அதில் வாழ்பவனுக்கா? இங்கிலாந்தின் விக்ரோறியா காலத்து வரிசை வீடுகளைப் பேணும் முயற்சி இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

விக்ரோறியா மகாராணியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை நீடித்தது. கைத்தொழில் நகரங்களை நோக்கி மக்கள் திரண்ட அக்காலத்தில், ஒரே சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்ள, தெருவின் நீளத்திற்கு வரிசையாக வீடுகள் எழுந்தன. முகப்பு ஒடுங்கியது, உட்பகுதி நீண்டது. குறைந்த நிலத்தில் பலரைக் குடியமர்த்த இவ்வமைப்பு உதவியது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பின்னர், தெருவின் அகலம், கழிவுநீர் வடிகால் முதலியவற்றை உள்ளூராட்சி மன்றங்களின் துணைவிதிகள் நெறிப்படுத்தின. தொழிலாளியின் சிறுமனையும் செல்வரின் பன்மாடி மனையும் இவ்வரிசை அமைப்பிலேயே அமைந்தன.

இலண்டனில் ஸ்ரபோட் ரெறஸ் என்னும் தெருவிலுள்ள 18ஆம் இலக்க மனை இவற்றுட் புகழ்பெற்றது. ‘பஞ்ச்’ சஞ்சிகையின் சித்திரக்காரரான லின்லி சாம்போண் 1875இல் இங்குக் குடிபுகுந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் அதன் அறைகளைப் பெரிதும் மாற்றாது பேணினர். விக்ரோறியா காலக் கலையைப் பலர் எள்ளி நகையாடிய வேளையில், அதனைக் காப்பதற்கான விக்ரோறியன் சங்கம் 1958இல் தோன்றியதும் இம்மனையோடு தொடர்புடையதே. இன்று அது ஓர் அரும்பொருட்காட்சியகம்.

அங்குள்ள வண்ணக் கண்ணாடிகளும் சுவர்த்தாள்களும் காண்போரைக் கவர்கின்றன. ஆயின், சமையலறை நிலத்தடித் தளத்திலும், பணிப்பெண்ணின் அறை உச்சி மாடியிலும் அமைந்திருந்தமையை நோக்குதல் வேண்டும். நடுமாடிகளின் அழகு, கீழும் மேலும் படியேறி இறங்கிய கால்களின் உழைப்பினாற் பெறப்பட்டது. அவ்வழகை மட்டும் பேணி அவ்வுழைப்பை மறப்பின், அது வரலாற்றைப் பேணுவதாகாது. வரலாற்றுக்கு ஒப்பனை செய்வதாகும். பழைய கட்டடங்களைப் புதுமெருகிட்டு ‘மீட்டமைத்தல்’ அவற்றின் உண்மையை அழிப்பதாகும் எனக் கருதிய வில்லியம் மொறிஸ், 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினார். செப்பனிடுதலே முறை, மெருகிடுதலன்று என்பது அவர் கொள்கை.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. இடைவெளியற்ற செங்கற்சுவர் ஈரத்தை ஈர்க்கும்; குளிரைத் தடுக்காது. அத்தகைய வீட்டில் நோயுற்று வாழ்பவனிடம் கட்டடக்கலையின் பெருமையைப் பேசுதல் கொடுமையன்றோ? இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், வாழ்வோர் நலன் என்ற பெயரில் வாழ்வோரையே அகற்றுதலும் நிகழ்ந்துள்ளது. லிவர்பூல் நகரின் கிறான்பிப் பகுதியிற் பல தெருக்கள் இடிக்கப்பட, நான்கு தெருக்களே எஞ்சின. குடியிருப்போர் வெளியேறியமையால் வீடுகள் பலவற்றின் வாயில்கள் அடைக்கப்பட்டன. எஞ்சிய மக்களோ தெருவைத் துப்புரவு செய்தனர், பூச்செடிகள் நட்டனர், அடைத்த வாயில்களுக்கு வண்ணந் தீட்டினர். 2011இல் தாமே நில நம்பிக்கைப் பொறுப்பொன்றை அமைத்தனர். அவர்களோடு இணைந்து பணியாற்றிய அசெம்பிள் குழுவினருக்கு 2015இல் ரேணர் பரிசு கிடைத்தது. இடிபாடுகளின் செங்கல்லும் கற்பலகையும் நொறுக்கப்பட்டு, கணப்படுப்புகளுக்கான புதிய முகப்புகளாக வார்க்கப்பட்டன. சிதைந்த இரு வீடுகள் பழைய உருவிற்கு மீளவில்லை. அவை கூரையின் கீழ் அமைந்த ஒரு பூங்காவாயின.

மொறிஸ் இதனை ஏற்றிருப்பாரா என்பது விவாதத்திற்குரியது. எனினும் இரு மனைகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. பேணுதல் என்பது கல்லுக்குச் செய்யும் கடமையன்று; கல்லின் வழியே மனிதருக்குச் செய்யும் கடமை. இறந்தோருக்கு நாம் கடன்பட்டது உண்மை. வாழ்வோருக்குக் கடன்பட்டது உறையுள். பணிப்பெண்ணின் அறையை மூடிவைத்து வரவேற்பறையை மட்டும் திறந்து காட்டுபவன் முதற்கடனில் தவறுகிறான். குடியிருப்போரை அகற்றிவிட்டு முகப்பை மட்டும் காப்பவன் இரண்டாவதில் தவறுகிறான். இவ்விரு கடன்களையும் ஒருங்கே தீர்க்க முயலும் பேணுதலே அறமெனத் தகும்.